கவுனி தாண்டும் குடை

சிந்தாதிரிப்பேட்டையில் கோயில் குடை கட்டுவதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஆவணி ஓய்வில்லாத மாதம். புரட்டாசி பிறக்கும்போது திருப்பதிக் குடைகள் தயாராக இருக்க வேண்டும். முற்றிய மூங்கிலைப் பிளந்து, சீவி, கணுவை வழித்து, வளைத்துக் கூடு கட்டுவார்கள். கூட்டின்மேல் வெண்பட்டு ஏறும். ஓரத்தில் ஜரிகைக் கரை, கரைக்குக் கீழே தொங்கல், உச்சியில் பொன்னிறக் கலசம். பெரும்பாலும் கைவேலைதான். பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. தெருவில் காற்று அடிக்கும், தூக்குகிறவர் மணிக்கணக்கில் நடக்க வேண்டும், கூடு ஒரு பக்கம் கனத்தால் கம்பு கையை முறுக்கிவிடும். எடை நடுவில் நிற்கும்படி கட்டத் தெரிந்தவர்தான் குடைக்காரர்.

இந்தப் பேட்டையே கைத்தொழிலுக்காக உண்டானது. 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து தர ஆள் போதவில்லை. கூவம் வளைந்து ஓடும் இந்த இடத்தில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சாயம் தீட்டுகிறவர்களையும் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அதற்கு முன் அது சுங்குராமர் என்ற பெரிய வணிகரின் தோட்டம். ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீஸ்வரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கோயில்கள் எழுந்தன. தறிச் சத்தம் ஓய்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று சிந்தாதிரிப்பேட்டை என்றால் பலருக்கு மீன் மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். துணியும் நூலும் கையுமாக வாழ்ந்த பழைய பேட்டையின் மிச்சம் இந்தக் குடை வீடுகளில் இருக்கிறது.

அங்கே கட்டப்படும் குடைகளில் 11 பூக்கடைக்கு வருகின்றன. தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாள் கோயில். கண்ணாடி, படச்சட்டம், குங்குமம், பூஜைச் சாமான் என்று இரண்டு பக்கமும் கடைகள். மூட்டை தூக்குகிறவர்களும் மீன்பாடி வண்டிகளும் ஸ்கூட்டர்களும் இடித்துக்கொண்டு போகிற தெருவில், கோயில் இருப்பதே தெரியாமல் கடந்து போகிறவர்கள் அதிகம். ஒட்டினாற்போல் சென்னமல்லீஸ்வரர் கோயில். இரண்டையும் சேர்த்துப் பெரியவர்கள் பட்டணம் கோயில் என்பார்கள். பட்டணத்துக்குப் பொதுவான கோயில் என்று பொருள். புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு நாள் காலை இந்தக் கோயிலில் பூஜை முடிந்து, 11 வெண்பட்டுக் குடைகளும் திருமலை பிரம்மோற்சவத்துக்குப் புறப்படுகின்றன.

குடை புறப்படுகிற கோயிலே ஒரு காலத்தில் தன் இடத்தை விட்டுப் புறப்பட்டு வந்ததுதான்.

1639-இல் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே நாயக்கர்களிடம் இடம் வாங்கினார். மறு ஆண்டு கோட்டை வேலை தொடங்கியது. கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும் மொழிபெயர்ப்புத் தரகர்களான துபாஷிகளும் குடியேறி ஒரு ஊர் வளர்ந்தது. அந்த ஊருக்கு நடுவே 1640களில் சென்னகேசவர் கோயில் எழுந்தது. கம்பெனிக்கு வெடிமருந்து செய்து கொடுத்த நாகபட்டன், துபாஷி பேரி திம்மப்பா ஆகியோரின் பெயர்கள் அந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. வெள்ளைக்காரர்கள் அந்த ஊரைக் கறுப்பர் நகரம் என்றார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அங்கே தேரோட்டமும் சந்தையும் சண்டையும் நடந்தன.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1749-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அவர்கள் அந்த யுத்தத்திலிருந்து ஒரு பாடம் கற்றிருந்தார்கள். கோட்டை மதிலுக்கு அருகே வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்து சுடுவான், ஆகவே பீரங்கி பார்க்கும் தூரம் முழுக்க வெட்ட வெளியாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இடிப்பை ஆங்கிலேயர் முடித்தார்கள். 1757-இல் சென்னகேசவர் கோயிலும் போயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து முற்றுகையிட்டபோது பழைய ஊர் அங்கே இல்லை.

கோயிலை இழந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. மாற்று நிலம் கிடைத்தது. கவர்னர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தன் பணத்தைப் போட்டார், ஊராரிடமும் திரட்டினார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைக்குப் புரவலராக இருந்தவரும் இவர்தான். 1760களில் இன்றைய இடத்தில் பெருமாளுக்கும் சிவனுக்கும் கோயில்கள் எழுந்தன. ஒரு கோயிலாகப் போனது இரண்டு கோயிலாகத் திரும்பி வந்தது.

பழைய கோயிலும் தெருக்களும் இருந்த வெளியில் இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கின்றன. நீதிமன்ற வளாகத்துக்குள், கவர்னராக இருந்த எலிஹு யேலின் சிறு வயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறை இருக்கிறது. பழைய ஊரின் ஓரத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த இடுகாட்டின் அடையாளம் அது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. வெட்ட வெளியின் எல்லை இதுதான், இதற்கு இப்பால் யாரும் கட்டக் கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அந்தத் தூணுக்கு வடக்கே, ஊர் தன்னை மறுபடி கட்டிக்கொண்ட பகுதிதான் இன்றைய ஜார்ஜ் டவுன். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

சென்னையின் பழமை என்றதும் நாம் சிவப்புச் செங்கல் கட்டடங்களின் படத்தைத்தான் எடுத்து வைக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம் அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. அது நிற்கிற மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட ஊர், சற்றுத் தள்ளி, ஆண்டுதோறும் தன் குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறதே, அதையும் அந்தக் கட்டடத்துக்கு இணையான பழமை என்று நாம் மதிக்க வேண்டாமா?

குடைக்கும் இந்தத் தெருக்களுக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. வெண்குடை நம் மரபில் அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியது. மனிதர்கள் பிடித்தால் அது விருது. யார் குடை பிடிக்கலாம், யார் பல்லக்கில் போகலாம், யாருடைய கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம் என்பதற்காக வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதியார் இந்த ஊரில் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1652-இல் ஒரு பெரிய கலகம். 1707-இல் இன்னொன்று. அப்போது கவர்னராக இருந்த தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையாருக்கும் என்று பிரித்து, எல்லைக் கற்கள் நட வேண்டிவந்தது. கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே சாந்தோமுக்குப் போன வலங்கையாரைச் சமாதானம் பேசி அழைத்து வந்தார்கள். ஊர்வலம் போகும் பாதை உயிர்ப் பிரச்சினையாக இருந்த ஊர் இது.

இந்தப் பின்னணி தெரிந்து பார்க்கும்போது, புரட்டாசி ஊர்வலத்தில் யாருடைய விருதாகவும் இல்லாமல் பெருமாளின் பெயரால் மட்டும் குடைகள் போவது சாதாரணமாகப் படவில்லை. பேரிச் செட்டியார், கோமுட்டிச் செட்டியார், முதலியார், நாயுடு, பிறகு வந்த குஜராத்திகள், மார்வாடிகள், மூட்டை தூக்குகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் என்று தெருவில் நிற்கிற கூட்டத்தில் யார் வலம், யார் இடம் என்று கேட்க ஆளில்லை. சாதி போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பழைய பிரிவினை மட்டும் ஒழிந்தது.

கோயிலிலிருந்து குடைகள் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வருகின்றன. பழைய பெயர் சைனா பஜார். பூக்கடைப் போலீஸ் நிலையம் அருகிலேயே இருக்கிறது. பத்ரியன் தெருவில் பூ மொத்த வியாபாரம் நடந்த காலத்தில் ரோஜாவும் சம்பங்கியும் மிதிபட்ட வாசனை விடியற்காலையிலேயே சாலைவரை வரும். கோயம்பேட்டுக்குச் சந்தை போன பிறகும் பூக்கடை என்ற பெயர் போகவில்லை, பூ விற்பவர்களும் முழுக்கப் போகவில்லை. குடை வரும் நாளில் சரம் சரமாகக் குடைக்கம்புகளில் சுற்றுகிறார்கள். தொங்கலுக்குள் கைநீட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குழந்தைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

இந்தப் பகுதியின் தெருக்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு விடாது. கல்யாணப் பத்திரிகையும் காகிதமும் என்றால் ஆண்டர்சன் தெரு. துணி மொத்தம் என்றால் கோடவுன் தெரு. ரசாயனமும் அறுவைச் சிகிச்சைக் கருவியும் நைனியப்ப நாயக்கன் தெரு. காய்கறி என்றால் கொத்தவால் சாவடி. அந்தச் சந்தை கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்தின் நிலத்தில் நடந்தது. பட்டணம் முழுக்கச் சாப்பிட்ட கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அங்கே இறங்கித்தான் போயின. 1996-இல் அது கோயம்பேட்டுக்கு மாறியபோது, நாலு தெருவில் நிரந்தரமாக இருந்த சேறும் கூச்சலும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனது. மாட்டு வண்டியும் லாரியும் நின்ற இடத்தில் மளிகை மொத்தக் கடைகள் பெருகின. குடை ஊர்வலத்துக்கு மட்டும் பாதை மாறவில்லை. சந்தை இருந்தபோதும் அது கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் போயிற்று, இப்போதும் போகிறது.

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் குடை நுழைந்ததும் நடை மெதுவாகும். மேலே மின்கம்பி, கேபிள் கம்பி, கடைகளின் தார்ப்பாய். நீண்ட கொம்பு வைத்திருப்பவர்கள் முன்னால் போய்க் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க, தூக்குகிறவர்கள் கம்பைச் சாய்த்து, குடையின் விளிம்பு எதிலும் மாட்டாமல் எடுத்துப் போவார்கள். ஒரு குடை தாண்டியதும் பின்னால் வரும் குடைக்குக் குரல் கொடுப்பார்கள். மாடிகளில் பெண்கள் கூட்டம். கோவிந்தா என்று கீழே ஒரு குரல் எழுந்தால் மாடிக்கு மாடி அது ஏறிப்போகும். கடைக்காரர்கள் மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். சௌகார்பேட்டை மார்வாடிக் கடைகளில் இனிப்பும் வரும். தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அதட்டல்கள் கேட்கும். ஆனால் கோஷம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

வழியில் பைராகி மடம். அங்கே இருக்கும் பிரசன்ன வேங்கடேசரும் திருப்பதிப் பெருமாள்தான். மலைக்குப் போக முடியாத வயதானவர்கள் சனிக்கிழமை சனிக்கிழமை இவரைச் சேவித்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் தாங்காது.

சற்று வடக்கே தள்ளி தங்கசாலைத் தெரு. 1840களில் நாணயச் சாலை அங்கே வந்ததால் வந்த பெயர். அதற்கு முன் அது வண்ணார் தெரு. கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த தெரு. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஏழுகிணறு. கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகள். அங்கே வீராசாமிப் பிள்ளை தெருவில் ஒரு சிறிய வீட்டில் வளர்ந்த இராமலிங்கம் என்ற பையன், கந்தகோட்டத்து முருகன் சன்னிதிக்கு நடந்து போய்ப் பாடினான். தெய்வமணி மாலை அந்த நடையில் பிறந்தது. வள்ளலாராக வடலூருக்குப் போவதற்கு முன் அவர் 1858 வரை வாழ்ந்தது இந்தத் தெருக்களில்தான். பெரிய சாலைகளில் காரில் போகிறவர்களுக்கு இந்த ஊர் நெரிசலும் குப்பையும்தான். நடந்து போகிறவர்களுக்கு ஒவ்வொரு நூறு அடியிலும் யாரோ வாழ்ந்த வீடு இருக்கிறது.

குடை கிளம்பினால் மழை வரும் என்பது வட்டாரத்துப் பேச்சு. புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, மாலையில் இடி மின்னலோடு ஒரு கொட்டு கொட்டுவது சென்னைக்குப் பழக்கமான பருவம்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வரும். அதற்கு முந்திய வெப்பமழை இது. காரணம் தெரிந்த பிறகும், பட்டுக்குடையின்மேல் முதல் தூறல் விழும்போது தெருவில் எழும் ஆரவாரம் குறைவதில்லை. நனையட்டும் என்று யாரும் குடைக்கு மறைப்புத் தேட மாட்டார்கள்.

மாலை 4 மணி நெருங்கும்போது குடைகள் வால்டாக்ஸ் சாலைக்கு வந்துவிடும். காலையிலிருந்து பார்த்த கூட்டத்தைப் போல் பல மடங்கு கூட்டம் இங்கே காத்திருக்கும். 'குடை கவுனி தாண்டியாச்சா?' என்று வீடுகளிலிருந்து போன் செய்து கேட்பார்கள். கவுனி என்றால் கோட்டைவாசல். யானைகவுனி என்ற அந்த வாசல் இன்று இல்லை. வாசல் இருந்த மதிலும் இல்லை.

மதிலின் கதை ஹைதர் அலியிடமிருந்து தொடங்குகிறது. 1769-இல் அவருடைய குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்து நின்றது. கம்பெனி பயந்துபோய் உடன்படிக்கை செய்துகொண்டது. லாலி வந்தபோது புதிய ஊருக்கு மதில் இல்லாதது ஏற்கெனவே தெரிந்த குறை. ஹைதர் வந்த ஆண்டே பால் பென்ஃபீல்டு என்பவருக்கு ஊரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் கட்டும் ஒப்பந்தம் போயிற்று. பின்னாளில் ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துக் கோடி சேர்த்த அதே பென்ஃபீல்டு. சில ஆண்டுகளில் மூன்று மைலுக்கு மேல் நீண்ட மதில் எழுந்தது. வடக்கே திருவொற்றியூர் வாசல், எண்ணூர் வாசல், புல்லி வாசல் என்று வழிகள். மேற்கே யானைகவுனி.

செலவை மதிலுக்குள் வாழ்பவர்களிடமே வரியாக வாங்குவது என்று கம்பெனி தீர்மானித்தது. சட்டப்படி அப்படி வரி போட அதிகாரம் இல்லை என்று தெரிந்து வசூல் நடக்காமல் போனது. வசூலிக்காத வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நின்றுவிட்டது. அந்தச் சாலைக்கு இப்போது வ.உ.சி. பெயர். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்து நின்றவரின் பெயர் அந்தச் சாலைக்குப் பொருத்தமானதுதான். ஆனாலும் குடை நாளில் ஒலிபெருக்கியில் வழி சொல்கிறவர் வால்டாக்ஸ் என்றுதான் சொல்வார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதில் தேவையற்றதாகி, இடித்து எடுக்கப்பட்டது. பழைய சிறைச்சாலைச் சாலையில் ஒரு துண்டு மட்டும் மாடிப் பூங்கா என்ற பெயரில் மிஞ்சியிருக்கிறது. மேற்கு மதில் நின்ற வரிசையை ஒட்டி ரயில்பாதைகள் வந்தன. 1873-இல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. யானைகவுனி இருந்த இடத்துக்கு அப்பால் தண்டவாளங்களுக்கு மேல் ஒரு பாலம் வந்தது. அது வலுவிழந்து, மூடி, இடித்து, பல ஆண்டுகள் இழுத்தடித்த பிறகு புதிய பாலத்தின் ஒரு பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. அந்த ஆண்டுகளில் புரசைவாக்கத்திலிருந்து சௌகார்பேட்டைக்கு வர வேண்டியவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதற்கான கோபம் பகுதி மக்களுக்கு இன்றும் இருக்கிறது.

கல்லும் சுண்ணாம்பும் போன இடத்தில், வாசல் இன்னும் இருப்பதுபோலத்தான் குடை நடந்துகொள்கிறது. வாசலுக்கு முன்னால் நிதானமாக வந்தவர்கள், வாசலில் ஓட்டம் எடுக்கிறார்கள். 11 வெள்ளைக் குடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி ஆடி விரையும். தூக்குகிறவர்கள் ஒருவர் தோளிலிருந்து ஒருவர் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் கற்பூரம். சத்தத்தில் பேச்சு கேட்காது. கடைசிக் குடை தாண்டியதும், ஊரை விட்டுப் பெருமாள் போய்விட்டார் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். எல்லை எங்கே என்று மாநகராட்சி வரைபடத்தைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. 250 ஆண்டுக்கு முன் கட்டிய மதிலின் வாசல்தான் அவர்கள் மனதில் ஊரின் கடைசி. மாநகராட்சி எல்லை எவ்வளவோ தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் பட்டணம் எங்கே முடிகிறது என்றால் அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள்.

பாலத்துக்குக் கீழே போகிற ரயில்களில் சப்தகிரி எக்ஸ்பிரசும் ஒன்று. காலையில் சென்ட்ரலில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருப்பதியில் இருக்கலாம். குடை அதே ஊருக்கு ஐந்தாறு நாள் எடுத்துக்கொள்கிறது.

கவுனிக்கு வெளியே தொழிலாளர்களின் சென்னை. செங்கல் சூளைகள் இருந்த சூளை, பட்டாளம், ஓட்டேரி. பெரம்பூர் பாரக்ஸ் சாலைப் பக்கம் ஒரு நூறாண்டு ஊரைக் கட்டி ஆண்டது பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். சங்கு ஊதினால் தெருக்கள் ஆட்களால் நிறையும். காக்கித் துணிக்குப் பெயர் போன மில்கள். 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாறு தொடங்குகிற இடங்களில் ஒன்று இது. 1921 வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டிலும் புளியந்தோப்பு மோதலிலும் போய் முடிந்து, உழைக்கிற மக்களையே இரண்டாக உடைத்தது. 1996-இல் மில்கள் மூடின. மில் தொழிலாளர்களின் பேரன்கள் இன்று ஆட்டோ ஓட்டுகிறார்கள், டெலிவரி வேலை பார்க்கிறார்கள். குடை வரும் மாலையில் இந்தச் சாலையில் திரள்கிற கூட்டம் சௌகார்பேட்டைக் கூட்டத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. தண்ணீர்ப் பந்தல் தெருவுக்குத் தெரு. சௌகார்பேட்டையில் குடையைப் பார்க்க மாடி உண்டு. இங்கே எல்லோரும் தரையில் நின்று பார்க்கிறவர்கள், அதனால் குடை இவர்களுக்கு இன்னும் உயரமாகத் தெரியும்.

அன்று இரவு அயனாவரம் காசி விஸ்வநாதர் கோயிலில் தங்கல். பெருமாளின் குடைக்குச் சிவன் கோயில் இடம் கொடுக்கிறது, இதை யாரும் விசேஷமாகச் சொல்வதில்லை. புறப்பட்ட இடத்திலும் சிவன்தான் பக்கத்து வீடு. அதன்பின் வில்லிவாக்கம் சௌமிய தாமோதரப் பெருமாள் கோயில், திருமுல்லைவாயில், திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் என்று பாதை போகிறது. ரயில் பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று இருபதாம் நூற்றாண்டு உண்டாக்கிய ஊர்கள் வழியே பழைய கிராமக் கோயில்களைத் தொட்டுத் தொட்டுப் போகிற பாதை.

திருவள்ளூர் தாண்டினால் குடைக்கு இன்னொரு எல்லை. சென்னகேசவர் கோயில் கட்டிய காலத்தில் அந்த எல்லை இல்லை. 1933-இல் சென்னை மாகாணச் சட்டத்தால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தபோதும் இல்லை. திருப்பதி சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. குடை ஒரே ஆட்சிக்குள் நடந்து முடித்தது. 1952 டிசம்பரில் மயிலாப்பூரில் உண்ணாவிரதமிருந்து பொட்டி ஸ்ரீராமுலு உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை யாருக்கு என்ற கேள்வி இந்தத் தெருக்களில் மிகக் கசப்பாக எழுந்தது. தெலுங்கு பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் மூன்று நூற்றாண்டாக அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த பெத்தநாயக்கன்பேட்டையிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடினார். வேங்கடம் நமது என்றார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சென்னை இங்கே நின்றது, திருப்பதி அங்கே போனது.

பட்டணம் கோயில் இருக்கும் தெருக்களில் அதற்குப் பிறகும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கின. மொழி வாரியாகப் பிரிந்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். என் வரையில், பிரிவினை நடந்த பிறகும் ஆண்டுதோறும் ஓர் ஊர்க்கோயில் இன்னொரு மாநிலத்துக் கோயிலுக்குக் குடை அனுப்புவதும், அதை அங்கே மரியாதையோடு வாங்கிக்கொள்வதும், எல்லைக் கோடு போட்டவர்கள் தொட முடியாத ஓர் உறவு இருந்ததற்குச் சாட்சி. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே தண்ணீருக்காக, மரத்துக்காக, அணைக்காக எத்தனையோ மனத்தாங்கல் வந்திருக்கிறது. குடை அவற்றில் எதற்காகவும் எல்லையில் நின்றதில்லை.

திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்கு 2 குடைகள் சமர்ப்பணம். மீதி 9 மலை ஏறுகின்றன. திருமலையில் அவை மாட வீதிகளை வலம் வந்தபின், வஸ்திரத்தோடும் மங்கலப் பொருள்களோடும் கோயிலில் ஒப்படைக்கப்படுகின்றன. தூக்கி வந்தவர்களுக்கு அதோடு பொறுப்பு முடிந்தது. பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு கருட சேவை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அதற்காக வந்திருக்கும். சென்னையிலிருந்து போன குடைகளும் அந்தச் சேவைக்காகத்தான் போனவை. லட்சக்கணக்கான கூட்டத்தில் பூக்கடைக்காரர்களும் சூளைக்காரர்களும் இருப்பார்கள். மலையப்ப சுவாமி கருடன்மேல் வரும்போது மற்றவர்கள் எல்லோரும் பெருமாளைப் பார்த்திருக்க, இவர்கள் ஒரு நொடி தலையை இன்னும் நிமிர்த்திக் குடையையும் பார்த்துக்கொள்வார்கள்.